முட்டைக்கு ஒரு பாக்கெட்

ஈரத்துணியால் ஒரு தேய்ப்பு, பெருவிரலால் இன்னொரு தேய்ப்பு. அரசாங்கத்தின் சீல் அவ்வளவுதான். முட்டைமேல் குத்தியிருந்த நீல மை துணியில் கொஞ்சம், நல்லகாமனின் விரலில் கொஞ்சம் என்று ஒட்டிக்கொள்ளும். முட்டை வெள்ளையாகிவிடும். விரல்தான் லேசில் வெள்ளையாகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகத்தோரம் நீலம் நிற்கும். அந்த விரலாலேயே பீடி பற்ற வைப்பார், வெற்றிலை கிள்ளுவார், பிள்ளைகளுக்குப் பாக்கெட்டும் கிழித்துக் கொடுப்பார். ஒன்றரை வருசம் அப்படித்தான் ஓடியது.

பேரையூருக்கு மேற்கே, பஸ் திரும்புகிற ஊரில், பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே அவர் கடை. தகரக் கூரை, முன்னால் ஒரு பலகை, பலகைக்கு மேலே கயிற்றில் தொங்குகிற நொறுக்குத்தீனிப் பாக்கெட் சரங்கள். வயது அறுபத்தேழு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், முப்பது வருசமாகப் பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்.

யாரையும் நம்பமாட்டார். ரேஷன் கடைத் தராசை நம்பமாட்டார். டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரையில் பாதியைத்தான் விழுங்குவார். பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் முருகம்மாள் இருபது வருசமாக அவர் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள், "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவள் முதுகு மறைந்ததும், "சத்துணவுக்காரி வீட்டுப் பூனை எம்புட்டுக் குண்டா இருக்கு பாத்தியா?" என்பார். கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அதற்காகவே அடுத்த நாளும் சொல்வார். முருகம்மாள் வீட்டில் பூனையே கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

கொரோனா என்று பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது கடையும் போச்சு என்றுதான் நினைத்தார். நடந்தது வேறு. ஊரில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது அவர் கடைக்குப் பக்கத்தில் அடிபம்பு மேடையில் மட்டும்தான். பாடமெல்லாம் போனில் என்றானதும், பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். பத்து நிமிசம் பாடம், மீதிப் பகலெல்லாம் கேம். பள்ளிக்கூடம் திறந்திருந்த காலத்தில் மணி அடித்தால் தின்பார்கள், மணி அடித்தால் ஓடுவார்கள். இப்போது மணி அடிக்க ஆள் இல்லை. வாய் எப்போதும் அசைந்துகொண்டிருந்தது, கால் எப்போதும் மடங்கியே கிடந்தது.

அதில் ஒருத்தி அஸ்வினி. லோடுமேன் சிவபாண்டியின் மூத்த மகள். பூட்டும்போது ஏழாவது படித்தாள். கபடியில் அவள் ரெய்டு போனால் எதிர்ப்பக்கம் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவாள். அதற்குள் தூசி கிளம்பிக் கடைப் பலகை வரைக்கும் வரும். நல்லகாமன் திட்டுவார். திட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பார்ப்பார்.

சிவபாண்டி ஆறு மணிக்கு மக்காச்சோள மண்டிக்குப் போய்விடுவான். அவன் பெண்சாதி பருத்தி எடுக்கப் போய்விடுவாள். எழுப்புவதற்கு ஆள் இல்லாத வீட்டில் அஸ்வினி பத்து மணிக்கு எழுந்தாள், பிறகு பதினொன்றுக்கு எழுந்தாள். ஒரு டீ, இரண்டு வரிக்கி. பானையில் சோறு இருக்கும். வரிக்கி தின்ற வயிறு சோற்றைக் கேட்காது. தங்கச்சி பாண்டீஸ்வரியை இழுத்துக்கொண்டு பம்பு மேடைக்கு வந்துவிடுவாள். பாண்டீஸ்வரிக்கு அப்போது ஐந்து வயது. அக்காளின் பாவாடையைப் பிடித்தால் விடமாட்டாள்.

முதல் முட்டை வந்த நாள் நல்லகாமனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறக்கப் பார்த்தும் இருக்கிறது.

சத்துணவு சமைக்க முடியாது என்பதால், அரிசி, பருப்பு, பிள்ளைக்கு மாசம் பத்து முட்டை என்று கையில் கொடுக்கச் சொல்லி உத்தரவு. முருகம்மாள் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "தின்னுங்கடி, விக்காதீங்கடி, வீட்டுல குடுங்கடி" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அஸ்வினி பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி நேராகக் கடைக்கு வந்தாள்.

"தாத்தா, ஒரு மசாலாப் பாக்கெட் குடுங்க. காசு நாளைக்குத் தாரேன்."

"நாளைக்கு வாங்கிக்க. அதென்ன பையில?"

"முட்டை. ஸ்கூல்ல குடுத்தாக."

நல்லகாமன் பையைப் பிரித்து ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். நல்ல முட்டை. கனமான முட்டை.

"அரசாங்க முட்டையா? இது பிளாஸ்டிக்கு, தெரியுமா?"

"பொய் சொல்றீங்க."

"பொய்யா? இம்புட்டுப் பேருக்குச் சும்மா குடுக்குறதுக்குக் கோழி எங்கத்தா இருக்கு? மிசின்ல ஊத்தி எடுக்குறது. சீல் குத்திருக்கான் பாரு. கோழி சீல் குத்துமா?"

அஸ்வினி முட்டையைப் பார்த்தாள், தொங்குகிற சரத்தைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு எதுக்கு?"

"நான் கெழவன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் சிரித்தாள். பாவாடையைப் பிடித்திருந்த சின்னதும், என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தது. ஒரு முட்டை பலகைக்கு உள்ளே போனது, ஒரு பாக்கெட் வெளியே வந்தது. சாயங்காலத்துக்குள் பத்து முட்டையும் அப்படியே மாறிவிட்டன.

அவர் சொன்னது விளையாட்டுக்கு. அன்றைக்கு இரவு அவர் பெண்சாதி அன்னக்கொடி அந்த முட்டையில்தான் ஆம்லெட் போட்டாள், இருவரும் தின்றார்கள். ஆனால் வியாபாரத்துக்கு உதவுகிற விளையாட்டை யார் விடுவார்கள்? அடுத்த மாசம் எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்த மாசம் இருபதுக்கு மேல். தயங்குகிற பிள்ளைக்கெல்லாம் அதே பிளாஸ்டிக் கதை, அதே கோழி, அதே சீல், கடைசியில் "நான் கெழவன், எனக்கு ஒண்ணும் ஆகாது". பாண்டீஸ்வரி அதைப் பாட்டு மாதிரி கூடச் சேர்ந்து சொல்லும். சீலைத் துடைத்த முட்டைகள் டி.வி.எஸ் வண்டியில் பேரையூர் பரோட்டாக் கடைக்குப் போயின. பரோட்டா மாஸ்டர் ஒரு தடவை, "என்னண்ணே, உங்க கோழிக்கு மை குடுக்குறீங்களா? முட்டை நீலமா வருது" என்று கேட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அஸ்வினிக்கு விரல் நுனி எப்போதும் சிவப்பாக இருந்தது, மசாலாத் தூள். போன் கண்ணாடியிலும் அந்தச் சிவப்பு அப்பியிருக்கும். உடம்பு பெருத்தது. "ஸ்கூல் லீவுல புள்ளை சதை போட்டிருக்கா" என்று அவள் அம்மா கடையில் வந்து பெருமையாகச் சொன்னாள். நல்லகாமனும் ஆமாம் என்றார். அவருக்கு மட்டும் வேறொன்றும் தெரிந்தது. பம்பு மேடையில் ஏற இரண்டே படி. இரண்டாவது படியில் அந்தப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். முகம் வெளிறி, உதடு சோற்றுக் கஞ்சி நிறத்தில் இருந்தது. பார்த்தார். "போனைப் பாத்துப் பாத்துச் சோம்பேறியாகிட்டாளுக" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நிமிசமும் அவர் கையில் ஈரத்துணி இருந்தது.

இரண்டாவது வருசம் செப்டம்பரில் ஒன்பதாவதுக்கு மேலே உள்ளவர்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அஸ்வினி இப்போது ஒன்பதாவது. பழங்காநத்தத்திலிருந்து தினமும் வருகிற பிருந்தா டீச்சர், பழைய கபடிப் பிள்ளைகளை மைதானத்தில் இரண்டு சுற்று ஓடச் சொன்னார். முதல் சுற்று பாதியில், கடைக்கு நேர் எதிரே, அஸ்வினி முட்டி மடங்கிக் கீழே விழுந்தாள். வெட்டிப்போட்ட வாழை மாதிரி, சத்தம்கூட இல்லாமல்.

நல்லகாமன்தான் சோடா உடைத்துக்கொண்டு ஓடினார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தாள். முதலில் பார்த்தது அவரைத்தான். உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.

பேரையூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்ததாம். "சதை இருக்கு, சத்து இல்லை. ஒன்றரை வருசமா இந்தப் பிள்ளை என்னதான் தின்னுச்சு?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். பிருந்தா டீச்சர், "மாசம் பத்து முட்டை குடுத்தோமே" என்றார். மண்டியிலிருந்து அப்படியே சாக்குத்தூசியோடு ஓடிவந்த சிவபாண்டி திகைத்துப்போனான்.

"முட்டையா? என் வீட்டுக்கு ஒத்த முட்டை வந்ததில்லை டீச்சர். அரிசி வந்துச்சு, பருப்பு வந்துச்சு. முட்டை வரலைனு புள்ளை சொல்லுச்சு."

கட்டிலில் கிடந்த அஸ்வினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. முட்டை எங்கே? நோட்டில் மாசாமாசம் பிள்ளையின் கையெழுத்து இருக்கிறது. "வெறும் நோட்டைக் காட்டிச் சின்னப் புள்ளைககிட்டக் கையெழுத்து வாங்கிருக்கா" என்றான் சிவபாண்டி. வேறு சில வீடுகளிலும் அரைகுறையாகத்தான் முட்டை வந்திருந்தது. பேரையூர் பரோட்டாக் கடையில் சீல் சரியாக அழியாத முட்டையைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அது நல்லகாமன் கடையிலிருந்து போனது என்று இன்னொருவன் சொன்னான். நல்லகாமனுக்கு யார் கொடுத்திருப்பார்கள்? அதை யாரும் யோசிக்கவே இல்லை. இருபது வருசமாகச் சத்துணவுக்காரி வீட்டுப் பூனையைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சிரித்த ஊர். விடை ஊரின் வாயில் ஏற்கெனவே இருந்தது, அதை ஊட்டியதும் அவர்தான்.

மனு எழுதிக் கொடுத்தார்கள். புதன்கிழமை விசாரிக்க ஆபீசர் வருகிறார், குற்றம் உறுதியானால் முருகம்மாளுக்கு அன்றைக்கே வேலை போகும் என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிவபாண்டி கடைக்கு வந்தான். பலகையில் உட்காராமல் நின்றபடியே பேசினான்.

"சின்னையா, ஒங்களைக் குத்தம் சொல்ல வரலை. கடைனு இருந்தா நாலு பேரு கொண்டாந்து போடத்தான் செய்வாக. முட்டை முருகம்மா குடுத்ததுன்னு நாளைக்கு ஒத்த வார்த்தை சொல்லுங்க. போதும்."

"நான் எதுக்குடா அந்தச் சோலியில?"

"எதுக்கா? எம்புள்ளை ரோட்டுல சுருண்டு விழுந்து கெடந்துச்சு. நீங்கதான தண்ணி தெளிச்சீக? ஒங்களுக்கு நான் எம்புட்டுக் கடமைப்பட்டிருக்கேன். சொல்லுங்க சின்னையா."

"சரி… வாரேன்."

வாரேன் என்றுதான் சொன்னார். சொல்றேன் என்று சொல்லவில்லை. சிவபாண்டி போனபிறகு அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அன்னக்கொடி வெளியே வந்தாள்.

"என்னத்தைச் சொல்லப் போறீக?"

"பாப்பம்."

"பாக்குறதுக்கு அங்க என்ன கூத்தா நடக்குது? அவ தாலியறுத்தவ. ஒத்த ஆளா நின்னு ரெண்டு புள்ளைகளைப் படிக்க வைக்கிறா."

"நீயும்தானடி ஆம்லெட் போட்டுத் தின்ன."

"ஆமா, தின்னேன். அதான் எனக்குத் தொண்டையில நிக்கிது. ஒங்களுக்கு எங்க போச்சு?"

அவர் பீடியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். நான் என்ன, கழுத்தைப் பிடித்தா வாங்கினேன்? பிள்ளைகள் கொண்டுவந்தார்கள், வாங்கினேன். நான் வாங்காவிட்டால் மேலக்கடைக்காரன் வாங்கியிருப்பான். இப்படி வரிசையாக நியாயம் வந்தது. ஒவ்வொரு நியாயமும் பம்பு மேடையின் இரண்டாவது படி வரைக்கும் ஏறி, அங்கே மூச்சு வாங்கி நின்றது.

புதன்கிழமை காலையில் முருகம்மாள் வழக்கம்போல அந்த வழியாகத்தான் வந்தாள். இஸ்திரி போட்ட சேலை. கையில் சத்துணவு அறைச் சாவி. சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தாலும் வரும் என்று தனியாக ஒரு கயிற்றில் கோர்த்து எடுத்து வந்திருந்தாள். கடை முன்னால் நின்றாள்.

"அண்ணே."

"ம்."

"எனக்காக நீங்க பரிஞ்சு பேச வேணாம். நல்லவன்னு சொல்ல வேணாம். ஒங்களுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் சொல்லுங்க. ஒங்க வாயால வந்தா ஊரு நம்பும்."

அவர் அவிழ்ந்திராத ஒரு பாக்கெட் சரத்தை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். "ஆகட்டும்" என்று சரத்தைப் பார்த்துச் சொன்னார். முருகம்மாள் அவர் பெருவிரலைப் பார்த்தாள். அதில் அப்போது மை இல்லை. இருந்தும் அவர் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

பள்ளிக்கூட வராண்டாவில் மேசை போட்டு ஆபீசர் உட்கார்ந்திருந்தார். முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடந்தது. பிருந்தா டீச்சர் நோட்டுகளை அடுக்கியிருந்தார். பெற்றோர் நாற்பது, ஐம்பது பேர், பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால். அஸ்வினி ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். பாண்டீஸ்வரி அவள் இடுப்புக்குப் பின்னால்.

"நல்லகாமன் யாரு? வாங்க பெரியவரே. உங்க கடையில சீல் குத்தின முட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்படி வந்துச்சு?"

"கடைனா வாறதுதானுங்க. யார் யாரோ கொண்டாருவாக."

"யார் யாரோன்னா? இந்தம்மா கொடுத்தாங்களா?"

முருகம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவபாண்டியும் பார்த்தான். இல்லை என்று ஒரு சொல். நாக்கில் அது நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும். அப்புறம் ஊரில் தலை நிமிர முடியாது. எல்லாரையும் திருடன் என்ற வாய் அது.

"வயசாயிருச்சுங்க," என்றார். "ஞாபகம் இல்லை."

ஆபீசர் பேனாவைத் திறந்தார். "மறுக்கலைன்னு எழுதிக்கிறேன்" என்று தனக்குள் சொல்கிற மாதிரி சொன்னார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. நல்லகாமன் தன் செருப்பைப் பார்த்தார். வலது செருப்பில் வார் பிய்ந்திருந்தது. அதைத் தைக்க வேண்டும் என்று நினைத்தார். அப்படி ஒரு நேரத்தில் அதைத்தான் நினைத்தார்.

"முருகம்மா அத்தை குடுக்கலை சார்."

அஸ்வினியின் குரல். தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்திருந்தாள்.

"அவுக பத்து முட்டையும் என் கையிலதான் குடுத்தாக. எல்லா மாசமும். நான்தான் வித்துத் தின்னேன். வீட்டுல பொய் சொல்லிட்டேன்."

யாரிடம் விற்றாள் என்று அவள் சொல்லவில்லை. ஒரு தடவை அவர் பக்கம் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துவிட்டாள். அவரைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாள், அந்தப் பதினான்கு வயசுப் பிள்ளை.

சிவபாண்டி மூன்றே எட்டில் போய் அவள் கன்னத்தில் அறைந்தான். மூட்டை தூக்குகிற கை. ரத்தம் ஏழே இருக்கிற பிள்ளை அந்த அடிக்குத் தூணோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பாண்டீஸ்வரி வீறிட்டது.

"அவளை அடிக்காதடா!" என்று கத்தினார் நல்லகாமன். "நான்தான் வாங்குனேன். புள்ளைக மேல தப்பு இல்லை. பாக்கெட்டைக் காட்டி நான்தான் வாங்குனேன். அரசாங்க முட்டை பிளாஸ்டிக்குன்னு சொன்னதும் நான்தான். சீலை நான்தான் துடைச்சேன். முருகம்மா ஒத்த முட்டை எனக்குத் தந்ததில்லை."

எல்லாம் வந்துவிட்டது. ஒரு அறை விழுகிற நேரம் முன்னால் வந்திருந்தால் போதும். வரவில்லை.

சிவபாண்டி ஓங்கிய கையோடு அவர் பக்கம் திரும்பினான். அடிப்பான் என்றுதான் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"ஒங்களைப் போயி…" என்றான். "சோடா ஒடைச்சுக் குடுத்தீகளே சின்னையா." மகளைத் தூக்கி நிறுத்தித் தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான்.

ஆபீசர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். "இதை நான் முதல்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே பெரியவரே" என்றார். திட்டவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்கிற குரலில் கேட்டார். கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார்கள். "நீயுமாடி?", "ஏலே, நீ எத்தனை?" என்று கிசுகிசுப்பு. பிள்ளைகள் தலையைக் குனிந்து நின்றார்கள். அவர்களோடு சேர்ந்து அவரும் நின்றார்.

வெளியே வரும்போது பிருந்தா டீச்சர் வாசல்வரைக்கும் கூடவே வந்தார்.

"நீங்க முட்டையை வாங்குனதைக்கூட விட்டுரலாம் தாத்தா. வாங்குன முட்டை போச்சு. பிளாஸ்டிக்குன்னு சொன்னீங்களே, அதை நாங்க எப்படித் திருப்பி எடுக்கிறது? இப்ப வேகவச்சுத் தட்டுல வச்சாலும் பாதிப் பிள்ளைங்க ஒதுக்கி வச்சிருதுங்க."

முருகம்மாள் சத்துணவு அறையைத் திறந்துகொண்டிருந்தாள். சாவி கயிற்றோடுதான் இருந்தது. அவர் அங்கே போய் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்து, "உலை வைக்கணும்ணே, வழியை விடுங்க" என்றாள். அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். வழியை விட்டார்.

அன்றைக்கே பாக்கெட் சரங்களை இறக்கிச் சாக்கில் கட்டி மொத்த வியாபாரியிடம் திருப்பி அனுப்பிவிட்டார். கயிறு மட்டும் தொங்கியது. கடலை மிட்டாய், பேனா, நோட்டு. யாவாரம் பாதிக்குப் பாதி படுத்தது. அஸ்வினி காலையிலும் சாயங்காலமும் கடையைத் தாண்டிப் போவாள். இரும்புச் சத்து மாத்திரை தின்கிறாளாம், கீரை தின்கிறாளாம், அவள் அம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மைதானத்தில் ஓடவில்லை, ஓரமாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தாள். கடைப் பக்கம் திரும்பவே மாட்டாள். அவர் மட்டும் அவள் நடையைப் பார்ப்பார், மூச்சு வாங்குகிறதா என்று. அவளைக் கூப்பிட்டு ஏதாவது கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்து, அவள் நெருங்கும்போது தராசைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

நவம்பரில் சின்னப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தது. ஒன்றாம் வகுப்பு வாசலையே மிதிக்காமல் இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது பாண்டீஸ்வரி. திறந்த மூன்றாவது நாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், அது தனியாக ரோட்டைத் தாண்டி வந்தது. அக்காளின் பாவாடை இல்லாமல் அதை அவர் பார்த்ததே இல்லை. உள்ளங்கையை மூடிப் பிடித்திருந்தது. பலகைக்கு எட்டாமல் எக்கிக் கையை விரித்தது. வேகவைத்த முட்டை. சூடு ஆறியிருந்தது, ஓட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"தாத்தா, பாக்கெட்."

நல்லகாமன் மேலே தொங்குகிற வெறுங்கயிற்றைக் காட்டினார்.

"பாக்கெட் இல்லைத்தா. இப்ப விக்கிறதில்லை."

"மஞ்சப் பாக்கெட் போதும்."

"எந்தப் பாக்கெட்டும் இல்லைடா கண்ணு. முட்டையை நீ தின்னு."

"வேணாம். பிளாஸ்டிக்கு."

"இல்லைத்தா. நெசமான முட்டை. கோழி முட்டை."

"நீங்கதான சொன்னீங்க? கோழி சீல் குத்துமா?"

அவர் முட்டையை வாங்கினார். பலகையில் தட்டி ஓட்டை உரித்தார். உள்ளே இருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்து இரண்டு கல்லைத் தூவி, பாதியாகப் பிட்டார். மஞ்சள் கரு நன்றாக வெந்து மாவு மாதிரி இருந்தது. முருகம்மாளின் கைப்பக்குவம்.

"இந்தா பாரு, பிளாஸ்டிக்கா இது? தாத்தா திங்கிறேன் பாரு. நான் தின்னா நீயும் தின்பியா?"

ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு மறு பாதியை நீட்டினார். பாண்டீஸ்வரி அவர் வாயைக் கவனமாகப் பார்த்தது. நீட்டிய கையைப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பாட்டுச் சொல்கிற குரலில் சொன்னது:

"நீங்க கெழவன். ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

சொல்லிவிட்டு மேலக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வெறுங்கையோடு ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கே ஓடியது.

வாயில் இருந்ததை நல்லகாமனால் விழுங்கவும் முடியவில்லை. பிள்ளைகள் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று துப்பவும் முடியவில்லை. எதிர் வராண்டாவில் தட்டு கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகள் நாலைந்து பேர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக மென்றார். அவர்கள் பார்க்க, நன்றாகத் தெரியும்படி, மென்றுகொண்டே நின்றார்.